விமான நிலையம் விரியும்போது ஊர் மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது?

2020 பிப்ரவரி 10 அன்று, தென்மேற்கு இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் நகரில் வடக்கு சாமர்செட் மன்றத்தின் திட்டக் குழு கூடியது. பிரிஸ்டல் விமான நிலையத்தின் விரிவாக்க விண்ணப்பம் அதன்முன் இருந்தது. ஆண்டுக்கு 1 கோடிப் பயணிகள் என்றிருந்த உச்சவரம்பை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்தித் தருமாறு நிலையம் கேட்டிருந்தது. அனுமதிக்கலாம் என்று மன்றத்தின் அதிகாரிகளே பரிந்துரை எழுதியிருந்தார்கள். மறுபக்கம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்திருந்தன. உறுப்பினர்கள் பரிந்துரையைத் தள்ளிவிட்டு, 18-க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

அந்த முடிவு இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. நிலையம் மேல்முறையீடு செய்தது. 2021 கோடையிலிருந்து இலையுதிர் காலம் வரை பொது விசாரணை நடந்தது. 2022 பிப்ரவரி 2 அன்று மூன்று ஆய்வாளர்கள் கொண்ட குழு விரிவாக்கத்துக்கு அனுமதி வழங்கியது. உள்ளூர்ப் போராட்டக் குழு தொடுத்த வழக்கை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன்பின் 1 கோடியே 50 லட்சம் என்ற அடுத்த இலக்கையும் நிலையம் அறிவித்துவிட்டது.

மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மன்றம், தன் எல்லைக்குள் நடக்கவிருக்கும் ஒரு காரியத்துக்கு, பெரும்பான்மையோடு 'கூடாது' என்று சொன்னது. அந்தச் சொல்லுக்கு மதிப்பு என்ன? இந்தக் கேள்வி பிரிஸ்டலோடு முடிவதில்லை. லண்டனைச் சுற்றிய நிலையங்களிலும், ஜெர்மனியிலும், கலிஃபோர்னியாவிலும் ஊர் மன்றங்கள் இதே இடத்தில் நின்றிருக்கின்றன. சில தோற்றன, சில எதிர்பாராத வழியில் வென்றன. எது எதனால் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பார்க்கையில் இரண்டு உண்மைகள் துலங்குகின்றன. ஒன்று: வெறும் நிராகரிப்பைவிட, எண்ணால் எழுதப்பட்டுச் சட்டத்தால் பிணைக்கப்பட்ட நிபந்தனையே ஊரைக் காத்திருக்கிறது. மற்றொன்று: எல்லா நிலையங்களின் விரிவாக்கத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த மன்றத்துக்கும் தரப்படவில்லை, அந்தப் பொறுப்பை வைத்திருக்கும் மத்திய அரசும் அதை ஏற்றுச் செய்வதில்லை.

எல்லை ஓரிடம், இரைச்சல் வேறிடம்

பிரிஸ்டல் விமான நிலையம் பிரிஸ்டல் நகரில் இல்லை. நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தென்மேற்கே, லல்ஸ்கேட் பாட்டம் என்ற மேட்டுநிலத்தில், வடக்கு சாமர்செட் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. பயணிகளில் பெரும் பங்கு நகரத்திலிருந்து வருகிறது. ஓடுபாதையை ஒட்டிய ஃபெல்டன் போன்ற சிற்றூர்கள் இரைச்சலைச் சுமக்கின்றன. 2018 நவம்பரில் காலநிலை அவசரநிலையைப் பிரிட்டனில் முதலில் அறிவித்தது பிரிஸ்டல் நகர மன்றம்தான். ஆனாலும் பக்கத்து எல்லைக்குள் இருக்கும் நிலையத்தின் விண்ணப்பத்தில் அதற்கு வாக்கு கிடையாது. கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. நகரத்துக்குள்ளும் ஒருமித்த நிலை இல்லை. அப்போதைய மேயர் மார்வின் ரீஸ் விரிவாக்கத்தை ஆதரித்தார்.

ஹீத்ரோவைச் சுற்றியும் இந்தப் பிளவைக் காணலாம். மூன்றாவது ஓடுபாதை வந்தால் ஹார்மண்ட்ஸ்வொர்த், லாங்ஃபோர்ட் போன்ற ஊர்களில் வீடுகள் இடிபடும். அவை இருக்கும் ஹில்லிங்டன் மன்றமும், விமானப் பாதையின் கீழுள்ள ரிச்மண்ட், வாண்ட்ஸ்வொர்த், வின்சர் மன்றங்களும் பல ஆண்டுகளாக எதிர்த்து வழக்காடின. நிலையத்தின் மேற்கே உள்ள ஸ்லவ் மன்றம் தன் மக்களின் வேலைவாய்ப்பைக் கருதி ஆதரவு தெரிவித்தது. இரண்டு நிலைப்பாட்டிலும் நேர்மையான காரணம் உண்டு. ஓடுபாதை ஒரு மன்றத்துக்கு வீட்டிழப்பு, இன்னொரு மன்றத்துக்கு மாதச் சம்பளம். ஆகவே 'உள்ளூர் மக்கள் என்ன நினைக்கிறார்கள்' என்று கேட்கும்போதே, எந்த ஊரின் மக்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிலையம் நிற்கும் மண்ணின் எல்லையை வைத்துச் சட்டம் அதிகாரத்தைப் பங்கிடுகிறது. விமானம் அந்த எல்லையைப் பார்த்துப் பறப்பதில்லை.

யார் முடிவெடுப்பது

இங்கிலாந்தில் விரிவாக்க விண்ணப்பம் எங்கே போகும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. 2008-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி, ஆண்டுக்கு 1 கோடிப் பயணிகளோ அதற்கு மேலோ கூடும்படி கொள்ளளவை உயர்த்தும் திட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. அதைத் துறை அமைச்சர் முடிவு செய்வார். உள்ளூர் மன்றங்கள் விசாரணையில் தரப்பினராக வாதாடலாம். அந்த அளவுக்குக் குறைந்தால் விண்ணப்பம் உள்ளூர் மன்றத்துக்கு வரும். ஸ்டான்ஸ்டெட் நிலையம் 3 கோடியே 50 லட்சத்திலிருந்து 4 கோடியே 30 லட்சத்துக்கு உயரக் கேட்டது. கூடுவது 80 லட்சம் என்பதால் விண்ணப்பம் அட்டில்ஸ்ஃபோர்ட் என்ற கிராமப்புற மாவட்ட மன்றத்தின் மேசைக்கு வந்தது. லூட்டன் நிலையம் 1 கோடியே 80 லட்சத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்குப் போகக் கேட்ட திட்டம் அமைச்சரிடம் போனது.

உள்ளூர் மன்றத்திடம் வந்தாலும் அதன் கை முழுதாக அவிழ்ந்திருப்பதில்லை. 2018 ஜூனில் பிரிட்டிஷ் அரசு, ஹீத்ரோ தவிர்த்த மற்ற நிலையங்கள் தங்கள் ஓடுபாதைகளை இயன்றவரை நன்கு பயன்படுத்திக்கொள்வதை ஆதரிப்பதாகக் கொள்கை வெளியிட்டது. மன்றம் மறுத்தால் நிலையம் மேல்முறையீடு செய்யலாம். மத்தியில் அமர்த்தப்படும் ஆய்வாளர்கள் அந்தக் கொள்கையை முன்வைத்து முழு விண்ணப்பத்தையும் புதிதாக எடைபோடுவார்கள். ஆக, மன்றத்தின் வாக்கு ஒரு வரைவுத் தீர்ப்பு. கடைசிச் சொல் வேறிடத்தில் இருக்கிறது.

மறுப்பதற்கு விலையும் உண்டு. அட்டில்ஸ்ஃபோர்டின் அனுபவம் இதில் கசப்பானது. 2018 நவம்பரில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, குழுத் தலைவரின் தீர்மான வாக்கால் ஸ்டான்ஸ்டெட் விண்ணப்பம் நிறைவேறியது. 2019 மே உள்ளாட்சித் தேர்தலில், விரிவாக்கத்தை எதிர்த்த 'அட்டில்ஸ்ஃபோர்டுக்காகக் குடியிருப்போர்' என்ற உள்ளூர்க் கட்சி 39 இடங்களில் 26-ஐப் பிடித்தது. 2020 ஜனவரியில் புதிய குழு ஒரு எதிர்வாக்குகூட இல்லாமல் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2021 மே மாதம் ஆய்வாளர்கள் அதை மாற்றி அனுமதி தந்தார்கள். மறுப்புக்குச் சொன்ன காரணங்களை மன்றம் சான்றுகளோடு நிறுவவில்லை என்று கூறி, நிலையத்தின் வழக்குச் செலவையும் மன்றமே ஏற்க வேண்டுமென உத்தரவிட்டார்கள். தேர்தலில் மக்கள் கொடுத்த தீர்ப்பு விசாரணை மன்றத்தில் சான்றாகச் செல்லாது. இதை அறியாமல் வாக்குறுதி கொடுக்கும் உறுப்பினர் தன் வாக்காளரின் வரிப்பணத்தைப் பணயம் வைக்கிறார்.

தராசின் தட்டுகள்

ஒரு மன்றம் எதை எதை எடைபோட வேண்டியிருக்கிறது? முதலில் வேலை. நிலையத்துக்குள் பாதுகாப்பு, சரக்கு, உணவகம், துப்புரவு என்று நேரடி வேலைகள். வெளியே விடுதி, டாக்சி, பொருள் வழங்கல். இவை உண்மையான வேலைகள். படிப்பு குறைந்தவர்களுக்கும் திறந்திருப்பவை. அவற்றை அற்பமாகப் பேசும் எதிர்ப்பாளர்களை நான் ஏற்பதில்லை. ஆனால் கணக்கு கவனமாகப் போடப்பட வேண்டும். ஒரு நிலையத்தில் கூடும் பயணி, பக்கத்து நிலையத்தில் குறையும் பயணியாக இருக்கலாம். தென்மேற்கு மக்கள் லண்டன் வரை காரோட்டிப் போய் விமானம் ஏறுவது குறையும் என்பது பிரிஸ்டல் நிலையத்தின் முக்கிய வாதம். அந்த வாதம் உண்மையானால், இங்கே கூடும் வேலையில் ஒரு பகுதி அங்கே குறையும் வேலைதான். உள்ளூர் மன்றம் தன் எல்லைக்குள் கூடுவதை மட்டும் எண்ணினால் நாட்டுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் தெரியாது.

அடுத்தது இரைச்சல். இங்கே அளவீடு எப்படி நடக்கிறது என்பதை மக்கள் புரிந்துகொள்வது அவசியம். பிரிட்டனில் பகல் இரைச்சல், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரையிலான 92 கோடை நாட்களில், காலை 7 முதல் இரவு 11 வரையிலான 16 மணி நேரத்தின் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. முன்பு 57 டெசிபல் வரம்பாகப் பேசப்பட்டது. இப்போது 51 டெசிபலிலிருந்தே பாதிப்பு தொடங்குவதாக அரசு ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு அளவுகோலில், நாள் முழுவதற்கும் 45 டெசிபலையும் இரவுக்கு 40 டெசிபலையும் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டு அளவுகோலையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், உடல்நலம் நாடும் வரம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது தெளிவு. மேலும் சராசரி என்பது வரைபடத்தில் கோடு போடப் பயன்படும். பின்னிரவு நான்கு மணிக்கு விழித்துக்கொள்ளும் குழந்தையை எழுப்புவது ஒரே ஒரு விமானம். ஆகவே மன்றத்தின் முன் வைக்கப்படும் இரைச்சல் வரைபடத்தோடு, இரவில் எத்தனை விமானம், எந்த மணிக்கு, எந்த ரகம் என்ற எண்ணிக்கையும் சேர்ந்து வர வேண்டும். பிரிஸ்டல் விவகாரத்தில் இரவு விமானங்களின் கணக்கு ஒரு தனிச் சச்சரவு. கோடைக்கு 3,000, குளிர்காலத்துக்கு 1,000 என்று பிரித்திருந்த வரம்பை, ஆண்டுக்கு மொத்தம் 4,000 என்று மாற்ற நிலையம் கேட்டது. மொத்தம் மாறவில்லை. ஆனால் மக்கள் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் கோடை இரவுகளில் கூடுதல் விமானம் பறக்க அந்த மாற்றம் வழிவிடுகிறது.

மூன்றாவது, சாலையும் நிலமும். பிரிஸ்டல் நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஏ38 சாலையை நம்பியே இயங்குகிறது. பயணி கூடக் கூடக் கார் நிறுத்துமிடம் கூடும். நகரம் பரவாமல் தடுக்கவென்றே காக்கப்படும் பசுமை வளைய நிலத்தைக் கார்கள் நிரப்பும். விமான நிலைய விரிவாக்கம் என்று பேசுவதில் கணிசமான பகுதி உண்மையில் கார் நிறுத்துமிட விரிவாக்கம். அதில் கிடைக்கும் கட்டணம் நிலையங்களுக்கு முக்கிய வருவாய் என்பதால், பேருந்தையும் ரயிலையும் வளர்க்க நிலையத்துக்குத் தானாக ஆர்வம் வராது. அந்த ஆர்வத்தை நிபந்தனையால்தான் உண்டாக்க முடியும்.

யாரும் போடாத கூட்டல்

நான்காவது, கரியமில வாயு. இங்கேதான் முழு ஏற்பாடும் உடைகிறது.

பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம், நாட்டின் மொத்த வெளியேற்றத்துக்கு ஐந்தாண்டுக் கணக்கில் வரம்பு வைக்கிறது. 2019-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2050-க்குள் நிகர வெளியேற்றம் சுழியமாக வேண்டும் என்றானது. பன்னாட்டு விமானப் போக்குவரத்தின் வெளியேற்றமும் 2033 முதல் 2037 வரையிலான ஆறாவது வரம்பில் சேர்க்கப்படும் என்று 2021 ஏப்ரலில் அரசு அறிவித்தது. அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்டப்பூர்வ அமைப்பான காலநிலை மாற்றக் குழு 2020 டிசம்பரில் தெளிவாகவே சொன்னது: இந்தத் துறை தன் வெளியேற்றத்தை எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைத்துக் காட்டினாலன்றி, நாட்டின் விமான நிலையக் கொள்ளளவு நிகரமாகக் கூடக் கூடாது. ஓர் இடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் குறைக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

ஆனால் தனித்தனி விண்ணப்பம் விசாரணைக்கு வரும்போது என்ன நடக்கிறது? நாட்டின் மொத்த வரம்போடு ஒப்பிட்டால் இந்த ஒரு நிலையம் கூட்டுவது மிகச் சிறியது. வரம்பைக் காப்பது அமைச்சரின் கடமை, உள்ளூர் மன்றத்தின் வேலை இல்லை. பிரிஸ்டலில் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டதும் நீதிமன்றம் பிழையில்லை என்றதும் இந்தத் தர்க்கத்தையே. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். ஆனால் இதே தர்க்கத்தை ஒவ்வொரு நிலையமும் பயன்படுத்துகிறது. பிரிஸ்டலில் 20 லட்சம், ஸ்டான்ஸ்டெட்டில் 80 லட்சம், லண்டன் சிட்டியில் 25 லட்சம், லூட்டனில் படிப்படியாக 1 கோடியே 40 லட்சம். 2021-க்கும் 2025-க்கும் இடையில் அனுமதி பெற்ற இந்த நான்கை மட்டும் கூட்டினாலே ஆண்டுக்கு 2 கோடியே 65 லட்சம் கூடுதல் பயணிகள். இதில் கேட்விக்கின் வடக்கு ஓடுபாதையும், அரசு ஆதரவு தெரிவித்துள்ள ஹீத்ரோ மூன்றாவது ஓடுபாதையும் சேரவில்லை. சிறு துளி பெருவெள்ளம் என்பதை நாம் சேமிப்புக்குச் சொல்கிறோம். இங்கே அது கேட்டுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு துளியும் தனியாக மன்னிக்கப்படுகிறது. வெள்ளத்தின் மீது எந்த அவையிலும் வாக்கெடுப்பு நடந்ததில்லை.

நீதிமன்றங்கள் ஒரு கட்டத்தில் இதைத் தொட்டுப் பார்த்தன. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாரிஸ் உடன்பாட்டைக் கருதாமல் வகுக்கப்பட்டதால் ஹீத்ரோவுக்கான தேசியக் கொள்கை செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. 2024 ஜூனில், சர்ரே மாவட்ட மன்றம் அனுமதித்த எண்ணெய்க் கிணறு பற்றிய வழக்கில், கிணற்றிலிருந்து எடுக்கும் எண்ணெய் பின்னர் எரிக்கப்படும்போது உண்டாகும் வெளியேற்றத்தையும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கணக்கிட வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. காரியத்தின் முழு விளைவையும் அனுமதிக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்ற அந்த நெறி, விமான நிலையங்களுக்கும் முழுமையாக விரிய வேண்டும். அறிந்தபின் என்ன முடிவெடுப்பது என்பதை அந்தத் தீர்ப்பும் மன்றத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

உரிமையாளரே நீதிபதியானால்

மன்றங்கள் எப்போதும் நிலையத்தின் எதிர்த்தரப்பில்தான் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. லூட்டன் நிலையத்தின் உரிமையாளர் லூட்டன் மன்றமே. அதன் வருவாய் ஊரின் சமூக நலச் செலவுகளைத் தாங்கி நிற்கிறது. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, அந்த மன்றம் அவசர நிதிநிலை அறிக்கை போட்டுச் சேவைகளை வெட்ட வேண்டியதாயிற்று. நிலையம் 2017 முதல் 2019 வரை தனக்கு விதிக்கப்பட்ட இரைச்சல் வரம்பை மீறியது. வரம்பை விதித்த அதிகாரமும் அதைக் காக்கவேண்டிய அதிகாரமும், நிலையத்தின் லாபத்தைப் பெறும் அதே மன்றத்திடம் இருந்தன. 2021 டிசம்பரில் 1 கோடியே 90 லட்சத்துக்கு உயர்த்தும் விண்ணப்பத்தை அதே மன்றம் அங்கீகரித்தது. பின்னர் மத்திய அரசு அதைத் தன் விசாரணைக்கு எடுத்து, 2023-இல் அனுமதித்தது. அடுத்த பெரிய விரிவாக்கத்தை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதி மன்றங்கள் எதிர்த்தன. விசாரித்த ஆய்வாளர்கள் மறுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். 2025 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சர் ஹைடி அலெக்சாண்டர் அதை மீறி அனுமதித்தார். மன்றம் மறுத்தால் ஆய்வாளர் சொல் பெரிது. ஆய்வாளர் மறுத்தால் அமைச்சர் சொல் பெரிது. படிகள் எல்லாம் ஒரே திசையில் இறங்குவதைக் குடிமக்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

ஸ்டான்ஸ்டெட்டின் உடைமைக் கதையும் இத்தகையது. அதை நடத்தும் குழுமத்தில் மான்செஸ்டர் பகுதியின் பத்து மன்றங்களுக்குப் பெரும்பான்மைப் பங்கு உண்டு. ஆக, எசெக்ஸ் வயல்வெளியில் உள்ள ஒரு மன்றம் இரைச்சலை எதிர்த்து வாதாடியது, நாட்டின் இன்னொரு மூலையிலுள்ள மன்றங்களின் ஈவுத்தொகைக்கு எதிராகவும் ஆயிற்று.

ஆனால் உடைமை எப்போதும் விரிவாக்கத்தின் பக்கமே நிற்கும் என்பதில்லை. ஜெர்மனியின் மியூனிக் நிலையம் நகருக்கு வெளியே, ஃப்ரைசிங், எர்டிங் ஊர்களை ஒட்டி இருக்கிறது. அதன் பங்குகளில் பவேரிய மாநிலத்துக்கு 51 விழுக்காடு, மத்திய அரசுக்கு 26, மியூனிக் நகருக்கு 23. மூன்றாவது ஓடுபாதைக்கு 2011-இல் அரசு அனுமதி கிடைத்தது. எதிர்த்த வழக்குகள் தோற்றன. ஆனால் அத்தகைய முடிவுக்குப் பங்குதாரர் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். 2012 ஜூன் 17 அன்று மியூனிக் நகரம் தன் குடிமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. 54.3 விழுக்காட்டினர் 'வேண்டாம்' என்றார்கள். இரைச்சல் நகரவாசிகளின் தலைக்குமேல் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்களின் தலைக்குமேல்தான். அப்படியிருந்தும் அவர்கள் மறுத்தார்கள். அந்த ஓடுபாதை கட்டப்படவில்லை. சட்டப் போரில் கிடைக்காதது, 23 விழுக்காட்டுப் பங்கில் கிடைத்தது.

நிலைத்த நிபந்தனைகள்

வென்ற இடங்களை இப்போது தொகுத்துப் பார்க்கலாம். 1979-இல் மேற்கு சசெக்ஸ் மாவட்ட மன்றம், கேட்விக்கை அப்போது நடத்திய பிரிட்டிஷ் விமான நிலைய ஆணையத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 40 ஆண்டுகளுக்கு இரண்டாவது ஓடுபாதை கட்டுவதில்லை என்பது அதன் சாரம். அரசுகள் மாறின, ஆணையம் தனியார்மயமானது, நிலையம் கைமாறியது. ஒப்பந்தம் 2019-இல் காலாவதியாகும்வரை நின்றது. அது முடிந்த ஆறாம் ஆண்டில், 2025 செப்டம்பரில், வடக்கு ஓடுபாதைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு கையெழுத்து ஒரு தலைமுறைக்கு அமைதி தந்தது; காலாவதித் தேதி இல்லாத ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கத்தையும் அதுவே தருகிறது.

ஹீத்ரோவில் இன்றும் நிற்கும் ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள் என்ற வரம்பு, ஐந்தாம் முனையத்துக்கு 2001-இல் தந்த அனுமதியோடு சேர்ந்த நிபந்தனை. முனையத்தைத் தடுக்க முடியாதவர்கள் வாதாடிப் பெற்ற அந்த எண், கால் நூற்றாண்டாகக் காவல் நிற்கிறது.

தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் மன்றத்தின் எல்லையில் லண்டன் சிட்டி விமான நிலையம் இருக்கிறது. வீடுகளுக்கு மிக அருகிலுள்ள இந்த நிலையத்தில், சனி நண்பகல் 12.30 முதல் ஞாயிறு நண்பகல் 12.30 வரை விமானம் பறக்காது. பயணிகள் வரம்பை 65 லட்சத்திலிருந்து 90 லட்சமாக்கவும், சனிக்கிழமை மாலை வரை பறக்கவும் நிலையம் கேட்டது. 2023 ஜூலையில் நியூஹாம் மறுத்தது. 2024 ஆகஸ்டில் அமைச்சர்கள் 90 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்; சனிக்கிழமை நேர நீட்டிப்பை மறுத்தார்கள். மன்றம் மறுத்திராவிட்டால் அந்த 24 மணி நேர ஓய்வு விசாரணைக்கே வந்திராது. முழுத் தோல்வியென்று சொல்லப்படும் பல முடிவுகளுக்குள் இப்படி மீட்கப்பட்ட மணிநேரங்கள் இருக்கின்றன.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் புதிய ஓடுபாதையும் இரவுத் தடையும் ஒரே பேரத்தின் இரு பகுதிகளாகப் பேசப்பட்டவை. அனுமதி உத்தரவு வந்தபோது, இரவுக்கு 17 விமானங்கள் பறக்கலாம் என்று அதில் இருந்தது. சுற்றியுள்ள ஊர்கள் வழக்குத் தொடுத்தன. ஓடுபாதை 2011-இல் திறந்தது. இரவு 11 முதல் காலை 5 வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை என்பதை 2012 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் உறுதிசெய்தது. ஓடுபாதை நின்றது, உறக்கமும் நின்றது.

எதிர்ப்பாடம் அமெரிக்காவில் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகர மன்றம், இரவு 11 முதல் காலை 7 வரை ஜெட் விமானங்கள் கிளம்பத் தடை விதித்தது. வானம் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது என்று சொல்லி 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நீக்கியது. 1978-இல் பர்பாங்க், பக்கத்து கிளெண்டேல், பசடேனா நகரங்களோடு சேர்ந்து நிலையத்தையே வாங்கியது. 1990-இல் வந்த மத்தியச் சட்டம் உரிமையாளர்களின் கையையும் கட்டியது. பின்னர் அந்நகரம் பிடித்த வழி வேறு: 2016 நவம்பரில் குடிமக்கள் வாக்கெடுப்பில் புதிய முனையத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது, விமான வாயில்களின் எண்ணிக்கை 14-ஐத் தாண்டாது என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்ப்பகுதியாக இருந்தது. வானத்தின்மேல் அதிகாரம் இல்லாத நகரம், தரையின்மேல் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

செய்யக் கூடியதும் செய்ய வேண்டியதும்

இத்தனை அனுபவங்களிலிருந்து ஒரு மன்றம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மறுப்பதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே சான்றோடு மறுக்க வேண்டும்; இரைச்சல், காற்று, போக்குவரத்து வல்லுநர்களைத் தானே அமர்த்தி, அதிகாரிகளின் அறிக்கைக்கு இணையான அறிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டும். தோற்கவும் கூடும் என்று தெரிந்தே, தோற்றால் எந்த நிபந்தனைகள் வேண்டும் என்ற பட்டியலையும் விசாரணைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பயணிகளின் எண்ணிக்கையோடு விமானங்களின் எண்ணிக்கைக்கும், இரவு மணிகளுக்கும், பொதுப் போக்குவரத்தில் வருவோரின் விழுக்காட்டுக்கும் வரம்பு கேட்க வேண்டும். ஒரு வரம்பை எட்டாவிட்டால் அடுத்த கட்டக் கட்டுமானம் தொடங்கக் கூடாது என்று பிணைக்க வேண்டும். அளப்பவர் நிலையத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. நிலையத்தில் பங்கு வைத்திருக்கும் மன்றம், அந்நிலையத்தின் விண்ணப்பத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன் வரம்புகளைக் கண்காணிக்கும் பொறுப்பும் வேறு கைக்குப் போக வேண்டும். லூட்டனின் இரைச்சல் மீறல்கள் இதற்குப் போதிய சான்று. விமானப் பாதையின் கீழுள்ள பக்கத்து மன்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து வாதாட வேண்டும். ஹீத்ரோவைச் சுற்றிய மன்றங்கள் அப்படித்தான் ஒன்றாக நின்று வழக்காடின.

கரியமிலக் கணக்கை மட்டும் எந்த நிபந்தனையாலும் ஓர் ஊர் மன்றம் தீர்க்க முடியாது. அதற்குச் சட்டமே மாற வேண்டும். நாடு முழுவதற்குமான பயணிகள் கொள்ளளவுக்கு நாடாளுமன்றம் ஒரு மொத்த வரம்பு வைக்கட்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த மொத்தத்தில் மீதம் எவ்வளவு என்று காட்டியே அனுமதி கேட்கட்டும். நெதர்லாந்து அரசு 2022-இல் ஸ்கிப்போல் நிலையத்தின் ஆண்டு விமானங்களை 5,00,000-இலிருந்து 4,40,000 ஆகக் குறைக்க முயன்றது. விமான நிறுவனங்களும் அமெரிக்க அரசும் எதிர்த்ததால் 2023-இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. வரம்பு வைப்பது எளிதென்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் வைக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதை யாரும் எடுத்ததாக ஒப்புக்கொள்ளாமலே எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இரைச்சலையும் சாலையையும் கணக்கிடச் சொல்லி ஊர் மன்றத்தை அழைத்துவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய கேட்டைக் கணக்கிடாதே என்று சொல்வது அந்த மன்றத்துக்கு வாக்களித்த மக்களுக்குச் செய்யும் அநீதி. மொத்தக் கூட்டலைப் போடும் கடமையை அரசு ஏற்று, அந்தக் கூட்டலை வெளிப்படையாக ஆண்டுதோறும் அவையில் வைக்க வேண்டும். ஏற்க மனமில்லையென்றால், கூட்டிப் பார்த்து மறுக்கும் உரிமையை மன்றங்களிடம் விட வேண்டும்.